நடைவழியில் போடப்பட்ட மேசை

"பூசையில் கலந்துகொள்ள இஷ்டம் இல்லாதவர்கள் வராந்தாவில் உட்காரலாம். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை."

நாங்கள் மாலைநேரப் படிப்பு மையம் நடத்தும் ஓர் ஊரின் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், சரஸ்வதி பூசைக்கு முந்தின நாள் சொல்லப்பட்ட வாக்கியம் இது. சொன்னவர் கெட்டவர் அல்ல. பிள்ளைகளிடம் அன்பாக இருப்பவர், காலனிப் பிள்ளைகளைத் தொட்டுப் பேசுபவர். பூசைக்கு ஆளுக்கு 20 ரூபாய் வசூல். பொரி, அவல், வாழைப்பழம் கடையில் வாங்கிவிட்டார்கள். சுண்டல் அவித்துக் கொண்டுவர நான்கு பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார்கள். நான்கு வீடுகளும் ஊர்த்தெருவில் இருந்தன. காலனியின் 20 ரூபாய் செல்லும், காலனியின் சுண்டல் செல்லாது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அன்று வராந்தாவில் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகும் காலனி வீட்டுப் பிள்ளைகள். ஒரு பையன் முஸ்லிம். மாலையில் படிப்பு மையத்துக்கு வந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எங்களிடம் கேட்டாள்: "அக்கா, கட்டாயப்படுத்தலைன்னா அதுல என்ன தப்பு இருக்கு?"

உடனே பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. அரசியல் சாசனத்தின் பிரிவு எண்ணைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டது எண்ணை அல்ல. அவளுக்கும், அவளைப் போலக் கேட்கும் தோழர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம். கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் வர வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தக் கேள்வி முழுமையாக விசாரிக்கப்பட்ட இடம் நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஷாம்பேன் என்ற நகரத்தில் இருக்கிறது.

1940இல் அந்த நகரத்து புரொட்டஸ்டன்ட், கத்தோலிக்க, யூதப் பிரமுகர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். பொதுப்பள்ளிகளில், பள்ளி நேரத்திலேயே, வாரம் ஒருமுறை மதவகுப்பு நடத்த அனுமதி வாங்கினார்கள். சின்ன வகுப்புகளுக்கு 30 நிமிடம், பெரிய வகுப்புகளுக்கு 45 நிமிடம். ஆசிரியர்களுக்குச் சம்பளம் அந்தக் குழு கொடுத்தது, அரசு அல்ல. பெற்றோர் கையெழுத்திட்ட பிள்ளைகள் மட்டும் உட்கார வேண்டும். கையெழுத்து இல்லாதவர்கள் வேறிடத்துக்குப் போய்த் தங்கள் பாடத்தைப் படிக்கலாம். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

வாஷ்டி மெக்காலம் என்ற தாய் கையெழுத்திட மறுத்தார். அவருடைய மகன் ஜேம்ஸ் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது, அவன் வகுப்பில் மதவகுப்புக்குப் போகாத ஒரே பிள்ளை அவன்தான். அவனை எங்கே வைப்பது என்று பள்ளிக்குத் தெரியவில்லை. ஒருமுறை நடைவழியில் ஒரு மேசையைப் போட்டு உட்கார வைத்தார்கள். குறும்பு செய்த பிள்ளைகளைத் தண்டனைக்கு உட்கார வைக்கும் மேசை அது. அந்த வழியே போன பிள்ளைகள் அவனைக் கேலி செய்துகொண்டே போனார்கள்.

1945இல் வாஷ்டி வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்திலும் மாநில உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். அவருக்கு வேலை போனது. வீட்டின் மீது அழுகிய காய்கறிகள் வந்து விழுந்தன. 1948 மார்ச் 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கட்டாயக் கல்விச் சட்டம் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. அப்படிச் சேர்ந்த கூட்டத்தை மத அமைப்புகளுக்குத் தன் கட்டடத்தில் எடுத்துக் கொடுப்பது அரசின் வேலை அல்ல. தீர்ப்பின் சாரம் இதுதான்.

இந்த வழக்கில் நம்மைத் தொடும் இடம் தீர்ப்பு அல்ல, அந்த மேசைதான். பெற்றோரின் விருப்பம் என்று காகிதத்தில் இருந்தது, பள்ளிக்கூடத்தில் தனி இருக்கையாக மாறியது. தனி இருக்கை என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம். சதாராவில் படித்த ஒரு மகர் சாதிச் சிறுவன், வகுப்பில் உட்கார வீட்டிலிருந்து ஒரு சாக்குத் துண்டைக் கொண்டுபோய், மாலையில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தான். பள்ளியைத் துப்புரவு செய்பவர்கூட அந்தச் சாக்கைத் தொட மாட்டார். அந்தச் சிறுவன் வளர்ந்து, ஷாம்பேன் தீர்ப்பு வந்த அதே 1948இல், டிசம்பர் 7 அன்று, டெல்லியில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து நின்று, பொதுப்பள்ளியில் மதபோதனை ஏன் கூடாது என்று விளக்கினார். அதற்குப் பிறகு வருவோம். அதற்கு முன் அமெரிக்கக் கதையின் அடியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் அது தொடங்கியது பள்ளியில் அல்ல, வரியில்.

'தேவாலயத்துக்கும் அரசுக்கும் நடுவில் சுவர்' என்ற சொல், ஜனாதிபதி ஜெஃபர்சன் 1802 ஜனவரி 1 அன்று எழுதிய ஒரு கடிதத்தால் புகழ்பெற்றது. (சுதந்திரம் பற்றி அழகாக எழுதிய அவரே தன் பண்ணையில் மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.) நம் பாடப்புத்தகங்களில் வந்தால் கடிதம் எழுதியவர் பெயர்தான் வரும். யாருக்கு எழுதினார் என்பது வராது. கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பகுதியைச் சேர்ந்த பாப்டிஸ்ட் சபையினருக்கு எழுதினார். அவர்கள் நாத்திகர்கள் அல்ல, தீவிர பக்தர்கள். ஆனால் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ சபை வேறு. அந்தச் சபைக்கு எல்லோரிடமும் வரி வாங்கப்பட்டது. நான் வேறு சபையைச் சேர்ந்தவன் என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு. அந்தச் சான்றிதழே தங்களுக்கு அவமானம் என்று பாப்டிஸ்டுகள் நினைத்தார்கள். சான்றிதழ் கேட்கிற கையே மேல் கை என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற நம் ஆட்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

1791இலேயே அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் மத அரசு கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனால் அது மத்திய அரசை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. மாநிலமும் ஊரும் அதற்குள் வரவில்லை. கனெக்டிகட் தன் அதிகாரபூர்வ சபையை விட்டது 1818இல், மாசசூசெட்ஸ் விட்டது 1833இல். பள்ளிகளையும் ஊராட்சிகளையும் அந்தத் திருத்தம் முழுதாக எட்டியது 1940களில்தான். தலைநகரத்தில் மதச்சார்பின்மை வந்து, அது தெருக்கோடிப் பள்ளிக்கு வந்து சேர 150 ஆண்டுகள். வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் அரசில்தான் பெரும்பான்மையின் மூச்சு நம் கழுத்தில் படும். அதனால்தான் அங்கே கடைசியாக வந்தது.

இடைப்பட்ட காலத்தில் அமெரிக்கப் பொதுப்பள்ளி 'நடுநிலை' என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. புரொட்டஸ்டன்டுகள் ஏற்ற பைபிளைக் காலையில் வாசிப்பார்கள், விளக்கம் சொல்ல மாட்டார்கள், அதுவே நடுநிலை. 1844இல் பிலடெல்ஃபியாவில் பள்ளியில் எந்த பைபிள் என்ற தகராறு கலவரமாக வெடித்து, கத்தோலிக்கத் தேவாலயங்கள் எரிக்கப்பட்டன, மனிதர்கள் செத்தார்கள். 1859 மார்ச்சில் பாஸ்டனில் எலியட் பள்ளியில் தாமஸ் வால் என்ற கத்தோலிக்கச் சிறுவன், பத்துக் கட்டளைகளைப் புரொட்டஸ்டன்ட் வாசகத்தில் சொல்ல மாட்டேன் என்றான். சுமார் அரைமணி நேரம் பிரம்பால் அவன் கைகளில் அடித்தார்கள். வழக்கு நடந்தது. அடித்த ஆசிரியர் விடுதலையானார். அவரைப் பொறுத்தவரை அவர் மதத்தைத் திணிக்கவில்லை, ஒழுங்கைத்தான் காப்பாற்றினார். 'இது மதம் இல்லை, ஒழுக்கம்' என்ற வாக்கியத்துக்கு அவ்வளவு வயது. 'இது மதம் இல்லை, கலாச்சாரம்' என்று நாம் கேட்பது அதன் தம்பி.

இனி டெல்லிக்கு வருவோம். இன்றைய 28ஆம் பிரிவு அப்போது வரைவில் 22ஆக இருந்தது. அரசுப் பணத்தில் முழுமையாக நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்பது அதன் முதல் பகுதி. அதற்கு அண்ணல் மூன்று காரணங்கள் சொன்னார். முதல் காரணத்துக்கு அவர் எடுத்த உதாரணம் பாராளுமன்றமோ பல்கலைக்கழகமோ அல்ல, ஜில்லா போர்டு பள்ளி. ஜில்லா போர்டு தன் எல்லைக்குள் இருக்கும் எல்லோரிடமும் வரி வாங்குகிறது. அந்தப் பள்ளியில் பெரும்பான்மைப் பிள்ளைகள் இந்துக்கள் என்பதற்காக அவர்களுக்கு மட்டும் மதபோதனை நடத்தினால், அந்த வகுப்பில் உட்காராத பிள்ளையின் அப்பனும் அதற்குக் காசு கொடுத்தவன் ஆகிறான். ஒரு மதத்தை வளர்க்க யாரிடமும் வரி வாங்கக் கூடாது என்ற இன்றைய 27ஆம் பிரிவுக்கு அது விரோதம். டான்பரி பாப்டிஸ்டுகளின் அதே வரி வாதம் நம் சபையிலும் எழுந்து நின்றது.

இரண்டாவது, பம்பாய் போன்ற நகரத்தின் நகராட்சிப் பள்ளியில் எத்தனை மதங்கள், ஒவ்வொரு மதத்துக்குள்ளும் எத்தனை பிரிவுகள்? அத்தனைக்கும் சமமாக வகுப்பு நடத்து என்று அரசிடம் சொல்வது நடக்காத காரியம். மூன்றாவதை இன்று நம் மேடைகளில் சொல்லவே தயங்குவோம். இந்த நாட்டு மதங்கள் ஒன்றையொன்று தவறு என்கின்றன, தன் வழி மட்டுமே மீட்பு என்கின்றன, அந்தச் சண்டையைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவராதீர்கள் என்றார்.

அந்த மூன்றில் தீண்டாமை இல்லை. ஏன் ஜில்லா போர்டு முதலில் வந்தது என்று நாங்கள் வெகுநாள் யோசித்தோம். மகாத்தை வைத்துப் பார்த்தால் ஓரளவு புரிகிறது. 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக்குளங்களை எல்லோருக்கும் திறந்துவிடத் தீர்மானித்தது. 1924இல் மகாத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20 அன்று அண்ணலும் தோழர்களும் அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடித்தார்கள். அடிதடி நடந்தது. பிறகு சாதி இந்துக்கள் சாணம், கோமியம், பால், தயிர் கலந்த 108 குடங்களை ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். இது மதச்சடங்கு, அவர்கள் சொந்தச் செலவு என்று விட்டுவிடலாம். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. உள்ளாட்சி மன்றம் ஒன்று தன் முத்திரையைக் கோமியக் குடத்தின் மேல் வைத்தது. குளம் நம்முடையதும்தான் என்று உயர் நீதிமன்றத்தில் முடிய 1937 ஆனது. ஜில்லா போர்டும் நகராட்சியும் எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்கு யாரும் புத்தகத்தில் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

சென்னை மாகாணத்திலும் இதே கதைதான். 1910களின் கடைசியிலும் 1920களிலும், பொதுப்பணத்தில் நடந்த பள்ளிகள் பல அக்கிரகாரத்திலும், சத்திரத்திலும், கோயிலை ஒட்டிய கட்டடத்திலும் இருந்தன. சேரிப்பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று அங்கே பலகை மாட்டத் தேவையில்லை. பிள்ளை அந்தத் தெருவுக்குள்ளேயே நடக்க முடியாது. 'பள்ளி எல்லோருக்கும் திறந்திருக்கிறது, அவர்கள்தான் வருவதில்லை' என்று சொல்லிக்கொள்ளவும் வசதி. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1924 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாவற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்றது. அதைச் சமூக உரிமைத் தீர்மானம் என்று படிக்கிறோம், சரிதான். கோயில் வாசலையும் அரசு வாசலையும் பிரித்த தீர்மானம் என்றும் அதைப் படிக்கலாம்.

இதற்கு எதிராக ஒரு தோழர் படிப்பு வட்டத்தில் சொன்னதையும் இங்கே வைக்கிறோம். 'தேவாலயமும் அரசும் பிரிய வேண்டும் என்கிறீர்கள். நமக்கு எழுத்தைக் கொடுத்தது தேவாலயம்தானே?' உண்மை. ஜோதிராவ் பூலே படித்தது புனேயில் ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில். நம் பாட்டன்மார் பலருக்கும் முதல் சிலேட்டு மிஷன் கொடுத்தது. அரசுப் பணத்துப் பள்ளி மூடிக்கிடந்தபோது பைபிள் வகுப்போடு வந்த பள்ளி திறந்திருந்தது. அதனால் சுவர் என்றதும் கைதட்டுவதற்கு முன் அதை யார் கட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஷாம்பேன் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹியூகோ பிளாக் இளமையில் கு கிளக்ஸ் கிளான் உறுப்பினராக இருந்தவர். அந்தக் கும்பல் கறுப்பினத்தவரை மட்டுமல்ல, கத்தோலிக்கர்களையும் வெறுத்தது. ஜேம்ஸின் மேசையை நீதிமன்றம் நடைவழியிலிருந்து எடுத்த அதே 1948இல், தென்மாநிலங்களின் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளோடு உட்காரவே முடியாது. அதற்கு 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் 28ஆம் பிரிவு இதில் நுட்பமாக நடந்துகொள்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் மதபோதனை இருக்கலாம். ஆனால் பிள்ளையை அதில் உட்கார வைக்கப் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சம்மதம் என்ற பேச்சே இல்லை, போதனையே கூடாது. 12ஆம் பிரிவின்படி 'அரசு' என்றால் உள்ளாட்சி அமைப்புகளும் அதற்குள் வரும். எனவே எட்டாம் வகுப்புத் தங்கையே, உன் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே கிடைக்கிறது. 'இஷ்டம் இருந்தால் உட்காரலாம்' என்பது வேறு வகைப் பள்ளிக்கு எழுதிய விதி. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு அது பொருந்தாது.

மீதிப் பாதி சிக்கலானது. சாசனம் தடுத்த சொல் 'போதனை'. பூசை போதனையா? சரஸ்வதி படத்துக்கு மாலை போடுவது வகுப்பா? அமெரிக்காவில் இந்தக் கேள்வி 1962இல் வந்தது. நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் 22 வார்த்தைகளில் ஒரு பிரார்த்தனை எழுதியது. எந்த மதத்தின் பெயரும் அதில் இல்லை, விரும்பாத பிள்ளை சொல்ல வேண்டியதும் இல்லை. அதுவும் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். அரசாங்கம் பிரார்த்தனை எழுதக் கூடாது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு பென்சில்வேனியாவிலிருந்து வந்த வழக்கில், தினமும் பைபிள் வசனங்கள் வாசிப்பதும் போனது. அங்கே பிள்ளைகளுக்கு விலக்குக் கேட்க வழி இருந்தும், தந்தை ஒருவர் கேட்கவில்லை. வெளியே போகும் பிள்ளை நடைவழியில் நிற்க வேண்டும், நடைவழியில் நிற்பது தண்டனை என்று மற்றப் பிள்ளைகள் நினைப்பார்கள் என்று அவர் சாட்சி சொன்னார். மறுபடியும் அதே நடைவழி.

இங்கே அந்தக் கேள்வி இன்னும் நேராகத் தீர்க்கப்படவில்லை. கேந்திரிய வித்யாலயாக்களில் காலையில் சொல்லப்படும் சமஸ்கிருத வழிபாட்டை எதிர்த்த மனுவை, பெரிய அமர்வு விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் 2019 ஜனவரியில் அனுப்பினார்கள். தமிழ்நாட்டில் 1968இலேயே அண்ணா அரசு அலுவலகங்களிலிருந்து சாமி படங்களை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. ஆயுத பூசை அன்று எந்த அரசு அலுவலகத்துக்கும் போய்ப் பாருங்கள், அந்த உத்தரவு எங்கே இருக்கிறது என்று. அமெரிக்காவிலும் அந்தச் சுவர் இப்போது பெயர்ந்துகொண்டிருக்கிறது. 2022இல் பள்ளிப் பயிற்சியாளர் ஒருவர் மைதானத்தில் ஜெபித்ததை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2024இல் லூசியானா மாநிலம் வகுப்பறைதோறும் பத்துக் கட்டளைகளை மாட்டச் சட்டம் போட்டது. தாமஸ் வாலின் கைகளை அடித்த அதே பத்துக் கட்டளைகள்.

பூசை போதனைதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. எங்கள் ஊரில் அன்று பிள்ளைகள் கற்றுக்கொண்டதைப் பாருங்கள். யார் வீட்டுச் சுண்டல் சாமிக்கு ஆகும், யார் வீட்டுச் சுண்டல் ஆகாது என்று 60 பிள்ளைகளும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். எந்தப் பாடத்தையும் அவ்வளவு சீக்கிரம் அவர்கள் கற்றதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் காலனிப் பெற்றோர் இருவர் இதைக் கேட்டார்கள். 'அடுத்த வருடம் உங்கள் வீட்டிலிருந்தும் சுண்டல் கொண்டுவாருங்கள்' என்று பதில் வந்தது. பெருந்தன்மையாகத்தான் சொன்னார்கள். அந்த இருவரில் ஒரு அம்மா, "எங்களுக்குச் சுண்டல் வேணாங்க, வராந்தாதான் வேணாம்" என்றார். அது குறிப்பேட்டில் ஏறவில்லை.

அந்த மாணவி இத்தோடு எங்களை விடவில்லை. போன ஏப்ரல் 14 அன்று ஊராட்சியின் சமுதாயக்கூடத்தில் அண்ணல் படத்துக்கு மாலை போட்டோம். பையன்கள் சிலர் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள், நாங்களும் கைகூப்பி நின்றோம். அன்று எடுத்த போட்டோ ஒன்றை அவள் போனில் காட்டினாள். கற்பூரப் புகைக்குப் பின்னால், கதவோரம், அதே முஸ்லிம் பையன் வெளியே ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நிற்கிறான். "இது நம்ம கூடம் இல்லையே அக்கா, ஊராட்சிக் கூடம்தானே?" என்றாள்.

இந்த வருடம் கற்பூரம் வாங்கவில்லை. ஊதுபத்தி மட்டும் யாரோ ஏற்றிவிட்டார்கள். அது யார், ஏற்றலாமா கூடாதா என்று படிப்பு வட்டத்தில் இன்னும் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.